எழுத்துச் சண்டையில உங்கட கரக்டருக்கு ரேங்க் போடுறது எப்பிடி: புதுசா வாறாக்களுக்கு

எழுத்துச் சண்டை எண்டா ஆளுக்கொரு கரக்டரை உருவாக்கி, குரூப்பில மாறி மாறி மெசேஜ் எழுதி அவையளை மோத விடுறது. செங்கொடி எண்டு எனக்கொரு கரக்டர் இருக்கு. சிலம்பக்காரி, வயசு 38, இடது முழங்கால்ல பழைய காயம். கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருத்தர் இரும்பன் எண்டு ஒரு ஆளை எழுதுவார், ஆறரை அடி உயரம், குத்தினா சுவர் உடையும். ஒரு சனிக்கிழமை இரவு கொழும்புக் காலிமுகத்திடல்ல ரெண்டு பேரையும் மோத விட்டம். நான் வெள்ளவத்தையில என்ர அறையில இருந்து போன்ல டைப் பண்ண, அவர் அங்கால இருந்து டைப் பண்ண, பத்து மணிக்குத் துவங்கின சண்டை ஒரு மணியாகியும் முடியேல்ல. 43 மெசேஜ். எண்ணிப் பாத்தனான்.

"கம்பு அவன்ர தாடையில விழுது" எண்டு நான் எழுதினா, "விழுந்தது, ஆனா அவனுக்கு நோகேல்ல" எண்டு தம்பி. "அவன்ர கை அவளின்ர தோளை நசுக்குது" எண்டு தம்பி எழுதினா, "அதுக்கு முதலே அவள் விலகிட்டாள்" எண்டு நான். கடைசியா "அண்ணா, நீங்க ஒருக்காலும் அடி வாங்க மாட்டீங்களா" எண்டு கேட்டார், நானும் கோவத்தில ஏதோ சொல்லிட்டன், பிறகு ரெண்டு கிழமை ரெண்டு பேருக்கும் கதையே இல்ல.

பிறகு ஆறுதலா இருந்து யோசிச்சா, ரெண்டு பேரிலயும் பிழை இல்ல. என்ர மனசில செங்கொடி நாட்டிலயே பெரிய ஆசான், அவர்ர மனசில இரும்பன் எதையும் தாங்குற மலை. இதை ரெண்டு பேரும் சண்டைக்கு முதல் வாய் திறந்து சொல்லிக்கொள்ளேல்ல, அவ்வளவுதான். ரேங்க் எண்டு ஒண்டு தேவைப்படுறதே இதுக்காகத்தான், உங்கட ஆள் எவ்வளவு பெரியவர் எண்டு காட்ட இல்ல, எதிர்ல எழுதுறவர் எதை எதிர்பாக்கலாம் எண்டு முன்கூட்டியே சொல்லி வைக்க. இதை விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் கணக்குத்தான், அந்தக் கணக்கையும் கீழ வடிவாச் சொல்லுறன்.

இது ஒண்டும் புதுப் பிரச்சினையும் இல்ல. 1974ல கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்தபோதே பலம், சுறுசுறுப்பு, தாங்குசக்தி எண்டு ஆறு குணத்துக்குத் தனித்தனியா இலக்கம் குடுத்திருந்தினம், டைஸ் மூண்டை உருட்டினா 3ல இருந்து 18க்குள்ள ஒண்டு வரும். பிறகு 1978ல இங்கிலாந்தில எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில ரெண்டு மாணவர்மார் கம்பியூட்டர்ல எழுத்தால மட்டும் பலபேர் சேந்து விளையாடுற மட் எண்ட ஒண்டைத் துவக்கினாங்க. அங்க கணக்கைக் கம்பியூட்டர் பாத்துக்கொள்ளும். எங்கட மாதிரி குரூப்ல கையால எழுதி விளையாடேக்க கணக்கை நாங்கதான் பாக்க வேணும், அதாலதான் இவ்வளவு விவரமா எழுதுறன்.

முதல் படி: இலக்கத்தைத் தொடாதீங்க

புதுசா வாறாக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது "என்ர ஆளுக்கு என்ன ரேங்க் போடலாம்" எண்டு. அதுக்கு முதல் ஒரு கொப்பியில மூண்டு வரி எழுதுங்க. இந்த ஆள் எதைப் பழகினவர், எவ்வளவு காலம், யாரிட்ட. எந்த இடத்தில தடுமாறுவார். ஒரு சண்டையில கடைசியா எப்ப தோத்தவர். மூண்டாவது வரி எழுத வரேல்லயெண்டா உங்கட கரக்டர் இன்னும் பிறக்கேல்ல, அதை எழுதி முடிச்சிட்டு வாங்க.

பழகினது என்ன எண்டதில "சண்டைக்கலை" எண்டு மொத்தமா எழுதிவிடாதீங்க. சிலம்பமா, குத்துச்சண்டையா, ஜூடோவா, எங்கட நாட்டு அங்கம்பொரவா எண்டு சொல்லுங்க. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு தூரம் இருக்கு. சிலம்பக்காரிக்கு அஞ்சடிக் கம்பு சுழல இடம் வேணும், காலிமுகத்திடல்ல அவள் ராணி, ஹோட்டல் லிஃப்டுக்குள்ள அகப்பட்டா கம்பே அவளுக்கு எதிரி. ஜூடோக்காரருக்கு நேர்மாறு, சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்கு வந்தாத்தான் அவர்ர ஆட்டம். அங்கம்பொரவிலயே வெறுங்கையால செய்யுறதுக்கு அங்கம், ஆயுதத்தோட செய்யுறதுக்கு இலங்கம் எண்டு ரெண்டு பக்கம் இருக்கு, ஒண்டில கெட்டிக்காரர் எண்டதுக்காக மற்றதிலயும் அதே ரேங்க் தானா வராது.

ரெண்டாவது படி: திறமையையும் பலத்தையும் பிரிக்கிறது

ஆகலும் கனக்கப் பேர் வழுக்குறது இங்கதான், அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

முரளியை எடுங்க. 2010 ஜூலையில காலி மைதானத்தில தன்ர கடைசி டெஸ்டில, கடைசிப் பந்தில 800ஆவது விக்கெட். அவர் வேகப்பந்து வீச்சாளர் இல்ல, பந்து மெதுவாத்தான் வரும், ஆனா எங்க விழும், எந்தப் பக்கம் திரும்பும் எண்டு பட்ஸ்மனுக்குத் தெரியாது. அதுதான் திறமை. அதே நேரம் வேகப்பந்துக்காரர் ஒருத்தர் பிழையான இடத்தில போட்டாலும் அந்தப் பந்து ஹெல்மெட்டில பட்டா ஆள் இருந்திடுவார். அது பலம். எழுத்துச் சண்டையிலயும் இதேதான்: அடி படுமா எண்டதைத் திறமை சொல்லும், பட்டா என்ன நடக்கும் எண்டதைப் பலம் சொல்லும். இந்த ரெண்டையும் ஒரே ரேங்க்ல போட்டு "என்ர ஆள் எஸ் ரேங்க்", அதாவது ஆக உச்சத் தரம், எண்டு எழுதினா அதில ஒரு தகவலும் இல்ல, எதிர்ல இருக்கிறவருக்கு என்னத்தை எழுதுறது எண்டே விளங்காது.

முரளியிட்ட இன்னொரு பாடமும் இருக்கு. பந்து வீச்சில உலகத்திலயே உச்சி, ஆனா டெஸ்டில பட்டிங் சராசரி 12ஐத் தொடேல்ல. அதால திறமை ரேங்க் எப்பவும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்குத்தான். "சிலம்பம் 5" எண்டு எழுதுங்க. "திறமை 5" எண்டு மட்டும் எழுதினா நாளைக்கு அதே ஆள் துவக்கும் சுடுவார், மோட்டர் சைக்கிளும் ஓடுவார், கடலுக்குள்ளயும் நீந்துவார்.

நாங்க இப்ப பாவிக்கிறது அஞ்சு விஷயம்: திறமை, பலம், வேகம், தாங்குசக்தி, விசேஷம். விசேஷம் எண்டது மந்திரம், தீ, மனசைப் படிக்கிறது, மிருகத்தோட கதைக்கிறது மாதிரி சாதாரண மனுசருக்கு இல்லாதது எதுவும். இதை விடக் கூட்டினா கார்ட், அதாவது ஆளின்ர விவரமும் ரேங்க்கும் எழுதி வைக்கிற குறிப்பு, நீளும், ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.

மூண்டாவது படி: ஏணி

ஒவ்வொரு விஷயத்துக்கும் ஆறு படி. வெறும் இலக்கம் போட்டா 4க்கும் 5க்கும் என்ன வித்தியாசம் எண்டு ஆளுக்கொண்டு சொல்லுவாங்க, அதால ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல்லும், கண்ணால கண்ட ஒரு உதாரணமும் வேணும். சொல்லால ரேங்க் போடுறது 1992ல வந்த ஃபட்ஜ் விளையாட்டில இருந்தே இருக்கு, அதில இலக்கத்துக்குப் பதிலா மோசம், பரவாயில்ல, நல்லம், அபாரம் எண்ட மாதிரிச் சொற்கள்தான். நாங்க எங்கட சொல்லைப் போட்டுக்கொண்டம்.

திறமைக்கு: 1 புதுசு, கம்பை எந்தப் பக்கம் பிடிக்கிறது எண்டு தெரியாதவர். 2 பழகினவர், ஒரு வருஷம் வகுப்புக்குப் போனவர், ஆனா உண்மையான அடி வந்தா பழகினது பாதி மறந்துபோகும். 3 தேறினவர், போட்டியில பயமில்லாம நிப்பார். 4 கைதேர்ந்தவர், மற்றாக்களுக்குப் பழக்குவார், ஊருக்கு ஒண்டு ரெண்டு பேர். 5 ஆசான், நாடு முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணலாம். 6 கதையில மட்டும் வாற ஆக்கள்.

பலத்துக்கு உதாரணம் தேடுறது லேசு, ஏனெண்டா நிறுத்துப் பாக்கலாம். 1 நானும் நீங்களும். 2 புறக்கோட்டையில மூட்டையைத் தோளில போட்டுக்கொண்டு சனத்துக்குள்ளால பாதை கேட்டுக்கொண்டு ஓடுற நாட்டாமி அண்ணாமார். 3 மனுச உடம்பின்ர எல்லை: 2021ல ஜோர்ஜியாக்காரர் லாஷா டலகாட்ஸே 267 கிலோவைத் தலைக்கு மேல தூக்கினார், பளுதூக்கல்ல அவ்வளவு பாரத்தை அதுக்கு முதல் ஒருத்தரும் தூக்கேல்ல. அப்ப 300 கிலோவுக்கு மேல பாரமான ஒரு த்ரீவீலரைத் தலைக்கு மேல தூக்குறவர் மனுசரைத் தாண்டினவர், அது 4. காலி வீதியில வாற 100ஆம் இலக்க பஸ் ஒண்டை முன்னுக்கு நிண்டு கையால நிப்பாட்டுறவர் 5. கட்டிடத்தைச் சரிக்கிறவர் 6. "என்ர ஆள் நல்ல பலசாலி, 4 போடட்டா" எண்டு கேக்கிற புதுசுகளிட்ட நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், த்ரீவீலர் தூக்குவாரா? பாதிப்பேர் 2க்கு இறங்கிடுவாங்க.

வேகத்தில இன்னும் கவனம் வேணும். ஒரு முறை, அதாவது ஒரு மெசேஜில நடக்கிறது, 3 செக்கன் எண்டு வைச்சுக்கொள்ளுங்க. 2009ல பெர்லின்ல 100 மீட்டரை 9.58 செக்கன்ல ஓடின உசைன் போல்ட்டே நிண்ட இடத்தில இருந்து துவங்கினா 3 செக்கன்ல 30 மீட்டர் போகமாட்டார். காலிமுகத்திடல் புல்வெளி கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் நீளம். அதால வேகம் 3 உள்ளவர் ஒரு மெசேஜில அந்த முனையில இருந்து இந்த முனைக்கு வந்து அடிக்க ஏலாது, வாறதுக்கே பல முறை வேணும், அந்த நேரத்தில மற்றவர் தயாராகிடுவார். துவக்குச் சூட்டை விலத்துறதும் அப்பிடித்தான். பத்து மீட்டர் தூரத்தில இருந்து கைத்துவக்கால சுட்டா குண்டு வர 0.05 செக்கன் கூட எடுக்காது, மனுசர் கண்ணால ஒண்டைக் கண்டு உடம்பை அசைக்கிறதுக்கு 0.2 செக்கன் அளவில வேணும். குண்டைக் கண்டு விலத்தினான் எண்டு எழுதினா வேகம் 5ஆவது இருக்க வேணும். சுடுறவரின்ர தோளும் விரலும் அசையுறதைக் கண்டு முதலே விலத்தினான் எண்டு எழுதினா, அது திறமை 4க்கே பொருந்தும். எழுதுற விதத்தில எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

தாங்குசக்திக்கும் விசேஷத்துக்கும் இதே மாதிரி நீங்களே குரூப்பில இருந்து பேசி உதாரணம் வையுங்க, ஒரு பின்னேரம் காணும்.

நாலாவது படி: காசு குடுத்து வாங்குறது

ஏணி மட்டும் வைச்சா எல்லாரும் எல்லாத்திலயும் 5 போடுவாங்க. அதால ஆளுக்கு 30 பொயின்ட். படி ஏற ஏற விலை கூடும்: 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6, 4க்கு 10, 5க்கு 15, 6க்கு 21. ஒரே விலை வைக்காதீங்க, நாங்க முதல் அப்பிடி வைச்சுப் பட்டம். ஆசானாகிறதுக்கும் வகுப்புக்குப் போறதுக்கும் ஒரே கஷ்டமா என்ன.

என்ர செங்கொடி: சிலம்பம் 5க்கு 15, பலம் 2க்கு 3, வேகம் 3க்கு 6, தாங்குசக்தி 2க்கு 3, விசேஷம் 2க்கு 3. மொத்தம் 30. தம்பியின்ர இரும்பன்: கைச்சண்டை 2க்கு 3, பலம் 5க்கு 15, வேகம் 1க்கு 1, தாங்குசக்தி 4க்கு 10, விசேஷம் 1க்கு 1. அதுவும் 30. ரெண்டு பேரும் ஒரே விலை, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பாத்தா பாம்பும் ஆனையும் மாதிரி. ரெண்டு வித்தியாசமான ஆள் சமமா நிக்கிற இடம் இதுதான், இதைக் கண்டபிறகுதான் எனக்கு ரேங்க் போடுறதிலயே ஒரு ஆசை வந்தது.

டைஸே இல்லாம ரேங்க்கை மட்டும் வைச்சு முடிவெடுக்கிற முறையும் இருக்கு. 1991ல வந்த அம்பர் எண்ட விளையாட்டில ஆட்கள் பொயின்டை ஏலம் கேட்டுத்தான் யார் முதலாவது எண்டு தீர்மானிப்பாங்க, டைஸுக்கு வேலையே இல்ல. ஒருத்தரை ஒருத்தர் நல்லாத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது சரிவரும். புதுசா சேந்த குரூப்புக்கு நான் டைஸைத்தான் சொல்லுவன், தோத்தா கோவம் டைஸிலதான் போகும், ஆளில இல்ல.

அஞ்சாவது படி: இடைவெளியைக் கணக்குப் பாக்கிறது

அடிக்கிறவர் ரெண்டு டைஸ் உருட்டி வாறதோட தன்ர திறமையைக் கூட்டுவார். விலத்துறவர் ரெண்டு டைஸ் உருட்டித் தன்ர திறமை அல்லது வேகம், எது கூடவோ அதைக் கூட்டுவார். பெரிய இலக்கம் வெல்லும், சமமா வந்தா அடி உரசிக்கொண்டு போகும், ஒருத்தருக்கும் சேதம் இல்ல. லூடோப் பெட்டியில இருக்கிற கட்டை காணும், இல்லாட்டி போன்ல உருட்டி எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷொட் போடுங்க.

ஏன் ரெண்டு டைஸ், ஏன் இருபது முகக் கட்டை ஒண்டு போதாது எண்டு கேக்கலாம். இருபது முகத்தில 1 வாறதுக்கும் 10 வாறதுக்கும் 20 வாறதுக்கும் ஒரே சந்தர்ப்பம், நூற்றுக்கு அஞ்சு. ரெண்டு டைஸில அப்பிடி இல்ல, 36 விதத்தில ஆறு விதம் 7 வரும், 2ம் 12ம் ஒவ்வொரு விதம்தான். நடு இலக்கம் கூட வாறதால ஆளின்ர திறமை கதைக்கும், அதிர்ஷ்டம் எப்பவாவது ஒருக்காத்தான் தலை காட்டும்.

நான் இருந்து எண்ணிப் பாத்தன். ரெண்டு பக்கமும் சேத்து 1296 விதம். திறமை சமமா இருந்தா அடிக்கிறவர் நூற்றுக்கு 44 தரம் வெல்லுவார், 44 தரம் தோப்பார், மிச்சம் சமம். ஒரு படி கூட இருந்தா 56. ரெண்டு படி கூட இருந்தா 66. மூண்டு படி கூட இருந்தா 76, அப்பவும் 16 தரம் தோப்பார். செஸ்ஸில ஆர்பாட் எலோ எண்டவர் செய்த ரேட்டிங் முறையும், 1970ல இருந்து உலக செஸ் சம்மேளனம் பாவிக்கிறது, இதே மாதிரித்தான் போகுது: 200 பொயின்ட் கூடினவர் சராசரியா நூற்றுக்கு 76 எடுப்பார், 400 கூடினா 91. நூறு ஒருத்தருக்கும் இல்ல. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தோக்கிறதுக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்க வேணும், அந்தக் கதவை மூடினா எதிர்ல எழுதுறவருக்கு எழுத ஒண்டும் இல்ல.

மாலிங்கவை நினைச்சுப் பாருங்க. 2007 உலகக் கிண்ணத்தில தென்னாபிரிக்காவுக்கு எதிரா நாலு பந்தில நாலு விக்கெட், அதுக்கு மேல ஒரு மனுசனால என்ன செய்ய ஏலும். அந்த மெச்சில தென்னாபிரிக்காதான் ஒரு விக்கெட்டால வெண்டது.

இப்ப அடி பட்டாச்சு, சேதம் எவ்வளவு? அடிச்சவரின்ர பலத்தில இருந்து வாங்கினவரின்ர தாங்குசக்தியைக் கழியுங்க. மைனஸ் 2 அல்லது அதுக்குக் கீழ எண்டா வெறும் கண்டல். மைனஸ் 1, பூச்சியம் எண்டா நோவு, அடுத்த உருட்டில 1 குறையும். 1, 2 எண்டா காயம், சண்டை முடியும்வரைக்கும் 2 குறையும். 3 அல்லது அதுக்கு மேல எண்டா ஆள் விழுந்தார், அந்தச் சண்டை அவருக்கு முடிஞ்சுது. மூண்டு கண்டல் சேந்தா ஒரு நோவு, ரெண்டு நோவு சேந்தா ஒரு காயம்.

செங்கொடியையும் இரும்பனையும் இதில போட்டுப் பாப்பம். அவள் அடிச்சா நூற்றுக்கு 76 தரம் படும், ஆனா 2ல 4 போனா மைனஸ் 2, வெறும் கண்டல். அவன் அடிச்சா 16 தரம்தான் படும், ஆனா 5ல 2 போனா 3, பட்டா அவள் விழுந்தாள். 16 எண்டா சின்ன இலக்கம் மாதிரி இருக்கும், கணக்குப் பாருங்க: அவன் நாலு தரம் அடிச்சு நாலும் தப்புறதுக்குச் சந்தர்ப்பம் சரியாப் பாதிக்குப் பாதி. அப்ப அவளுக்கு நேரம் இல்ல, அவள் கெதியா ஏதாவது செய்ய வேணும். நாங்க 43 மெசேஜ் எழுதின அந்த இரவு எனக்கு இந்தப் பயம் ஒருக்காலும் வரேல்ல, அதாலதான் அந்தச் சண்டை சப்பெண்டு போனது.

அவளுக்கு ஒரு வழி வைச்சிருக்கிறம். குறி வைச்சு அடிக்கலாம், முழங்கால், தொண்டை, மணிக்கட்டு. குறி வைச்சா உருட்டில 2 குறையும், பட்டா சேதம் ஒரு படி கூடும். அப்ப அவளின்ர 76 இறங்கி 56 ஆகும், ஆனா கண்டலுக்குப் பதிலா நோவு. எதை எடுக்கிறது? அது அவளின்ர குணத்தைப் பொறுத்தது, கதை அங்கதான் துவங்குது. என்ர செங்கொடிக்கே முழங்கால்ல காயம் இருக்கு, மற்றவரின்ர முழங்காலை அடிக்க அவளுக்கு மனசு வருமா எண்டு நான் பத்து நிமிஷம் போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.

ஆறாவது படி: எழுதுற முறை

ரேங்க் சரியாப் போட்டும் எழுதுற விதத்தில கெடுக்கலாம். உதாரணத்துக்கு ஒரு பிழையான மெசேஜ்:

"செங்கொடி பாய்ஞ்சு அவன்ர முழங்கால்ல அடிக்கிறாள், எலும்பு முறியுது, அவன் கத்திக்கொண்டு விழுறான்."

மற்றவரின்ர ஆளுக்கு நடந்ததையும் நானே எழுதிட்டன். இதைத்தான் ஓட்டோ ஹிட் எண்டுறது. சரியான மெசேஜ் இப்பிடி வரும்:

"செங்கொடி கம்பின்ர நுனியை மணல்ல உரசிக்கொண்டு இடது பக்கம் ரெண்டடி வைக்கிறாள். கண் அவன்ர முகத்தில. கை மட்டும் திரும்புது, கம்பு கீழால வந்து அவன்ர வலது முழங்காலைத் தேடுது. குறி அடி, 9ம் 5ம் 14, குறி வைச்சதுக்கு 2 போக 12."

அடி எங்க போகுது எண்டதோட நிப்பாட்டிட்டன். பட்டுதா, எப்பிடி நொந்தது, கத்தினானா, சிரிச்சானா, அதெல்லாம் தம்பி எழுத வேணும். உருட்டல் சொல்லும் பட்டுதா இல்லையா எண்டு, ஆனா அந்த நோவை எழுதுற உரிமை அந்த ஆளை எழுதுறவருக்கு மட்டும்தான். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் காணாது.

ஒரு மெசேஜில ஒரு விலத்தல், ஒரு அடி. அதுக்கு மேல வேண்டாம். பலம் 5, விசேஷம் 5 மாதிரிப் பெரிய அடிக்கு முதல் மெசேஜில மூச்சு இழுக்கிறது, கையை ஓங்கிறது எண்டு ஏதாவது ஒரு அறிகுறி எழுதியிருக்க வேணும், அப்பதான் எதிராளிக்குத் தப்ப ஒரு வாய்ப்பு. இன்னும் ரெண்டு சொல்லையும் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளுங்க. கோட் மோட் எண்டா எந்த அடியும் படாத, எல்லாத்துக்கும் பதில் உள்ள ஆளை எழுதுறது. மெட்டா கேமிங் எண்டா எழுதுற உங்களுக்குத் தெரிஞ்சதை உங்கட கரக்டருக்கும் தெரிஞ்ச மாதிரி எழுதுறது. இரும்பன்ர முதுகில பழைய வெட்டுக்காயம் இருக்கெண்டு நான் கார்ட்டில வாசிச்சனான், செங்கொடி வாசிக்கேல்ல. அவள் முதுகைக் குறி வைக்கிறதெண்டா அவன் முதுகைப் பொத்துறதை ஒருக்காவாவது சண்டையில கண்டிருக்க வேணும்.

இந்த முறையில நாங்க ரெண்டு பேரும் அதே சண்டையைத் திரும்ப எழுதினம். தம்பியே மெசேஜ் போட்டார், "அண்ணா, ஒருக்கா கணக்கோட ட்ரை பண்ணுவமா" எண்டு. செங்கொடி ரெண்டு தரம் முழங்காலைப் பிடிச்சாள், நோவு ரெண்டும் சேந்து காயமாச்சு, மூண்டாவது தரம் தவறிட்டுது. அவன்ர அஞ்சாவது குத்து, டைஸில தம்பிக்கு 11, எனக்கு 3. திறமையைக் கூட்டி, காயத்துக்கு 2 கழிச்சும் அவனுக்கு 11, எனக்கு 8. போன் கையில நடுங்கினது, உண்மையாச் சொல்லுறன். அவள் கடல் பக்கம் இருந்த கல்லுச் சுவரில போய் விழுறதை நானே எழுதினன், கம்பு கையில இருந்து நழுவுறதையும் நானே எழுதினன். தம்பி அடுத்த மெசேஜில இரும்பன் நொண்டிக்கொண்டு வந்து கம்பை எடுத்து அவளுக்குப் பக்கத்தில வைக்கிறதா எழுதினார். 19 மெசேஜ், ஒண்டரை மணித்தியாலம்.

ரேங்க் ஏத்துறது

உங்கட ஆளின்ர ரேங்க்கை நீங்களே ஏத்தாதீங்க. 1882ல ஜூடோவைத் துவக்கின கானோ ஜிகோரோ அடுத்த வருஷமே தன்ர மாணவர்மாருக்கு டான் எண்ட தரம் குடுக்கத் துவங்கினார், அங்கயும் தரம் வாத்தியார் குடுக்கிறது, மாணவர் எடுக்கிறது இல்ல. எங்கட குரூப்பில சண்டை எழுதின ரெண்டு பேரையும் விட்டிட்டு மூண்டாவது ஆள் ஒருத்தர் வாசிச்சு முடிவு சொல்லுவார். ஒரு சண்டைக்கு வெண்டவருக்கு 1 பொயின்ட், தோத்தவருக்கு 2. வாசிக்க விசித்திரமா இருக்கும், ஆனா தோக்கிறதை நல்லா எழுதுறதுதான் கஷ்டம், அதுக்குத்தான் கூலி கூட. 4ல இருந்து 5க்குப் போக 5 பொயின்ட் வேணும், அவசரப்பட ஏலாது. ஏத்தேக்க கதையிலயும் காரணம் வேணும், பழகினதா ஒரு காட்சியாவது எழுதியிருக்க வேணும், நித்திரையால எழும்பின உடன ஆசானாகினா ஒருத்தரும் நம்ப மாட்டினம்.

ஒளிச்சு வைச்ச சக்தி எண்டு கார்ட்டில எழுதாம கடைசி நேரத்தில எடுக்கிற பழக்கம் கனபேரிட்ட இருக்கு. ஒளிக்கிறது பிழை இல்ல, எதிராளிக்குக் காட்டாம அந்த மூண்டாவது ஆளிட்ட முதலே குடுத்து வையுங்க, அதுக்கும் பொயின்ட் கட்டுங்க. ஒவ்வொரு முறையும் காயம் ஆறுற விசேஷத்தைப் புதுசா வாறாக்கள் எடுக்க வேண்டாம், அது கையில இருந்தா பயமே வராது, பயம் இல்லாம சண்டை எழுத ஏலாது.

கார்ட் எப்பிடி இருக்கும் எண்டதுக்கு செங்கொடியின்ர கார்ட்டை அப்பிடியே போடுறன், கொப்பி பண்ணி உங்கட ஆளுக்கு மாத்திக்கொள்ளுங்க:

பெயர் செங்கொடி, 38. சிலம்பம் 5, ஆசான், 22 வருஷம் தாய்மாமனிட்டப் பழகினது. பலம் 2. வேகம் 3, முழங்கால் நொந்தா 2. தாங்குசக்தி 2. விசேஷம் 2, இருட்டில காலடிச் சத்தம் வைச்சு ஆளை அறிவாள், மழை பெய்தா ஏலாது. தூரம்: ரெண்டு எட்டுக்குள்ள வந்தா சிலம்பம் 3 ஆக இறங்கும். தோத்தது: காலிமுகத்திடல்ல இரும்பனிட்ட. பொயின்ட் 30, மிச்சம் 2.

கார்ட்டைக் குரூப்பில பின் பண்ணி வையுங்க, மாத்தினா கீழ திகதி போடுங்க, பழையதை அழிக்காதீங்க. சண்டை துவங்க முதல் ரெண்டு பேரும் மற்றவரின்ர கார்ட்டை வாசிச்சு "பாத்திட்டன்" எண்டு ஒரு மெசேஜ் போட்டிட்டுத் துவங்குங்க.